நிற்கத் தெரிந்த செல்

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. மணி பத்தரை இருக்கும். ஏசி குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். திரையில் இருந்தவை வெறும் புள்ளிகள்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் என் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு டி செல். மூன்று நாளைக்கு முன்பு திரையின் இடது ஓரத்தில் அப்பிக்கொண்டு கிடந்த கூட்டம், அன்றைக்குத் திரண்டு வலதுபக்கம் போயிருந்தது. என் செல்கள் தங்களுக்குத் தாங்களே மூக்கணாங்கயிறு போட்டுக்கொண்டிருந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன்!

நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் என் குரல் தானாக ஏறிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசியிருக்கிறேன். தாம்பரம் ரயிலில் ஒரு பெரியம்மாவிடம் பேசியதில், அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். உலகத்தில் இதைவிட அழகான விஷயம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதியும் விடுகிறேன்.

டி செல் ஒரு வகை வெள்ளையணு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியில் தேறி வெளியே வருகிறது. அந்தத் தைமஸின் முதல் எழுத்துதான் பெயரில் இருக்கிற டி. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வதும், மற்ற அணுக்களை ஏவி வேலை வாங்குவதும் இதன் பொறுப்பு. ஒரே ஒரு டி செல் விழித்துக்கொண்டால் போதும், ஒரு வாரத்துக்குள் அது ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது எப்படி? கபசுரக் குடிநீர், மஞ்சள் பால், வைட்டமின் மாத்திரை. அப்போதெல்லாம் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றும். இப்படிப் பெருகிய கூட்டம் காய்ச்சல் விட்டபிறகு எப்படி அடங்குகிறது? கொல்லப் பழகிய ஆயிரமாயிரம் செல்கள், வைரஸ் போனபின் நம் ஈரலையும் இதயத்தையும் தின்னாமல் எப்படிச் சும்மா இருக்கின்றன?

இங்கேதான் என் மனசு விழுந்தது.

டி செல் விழிப்பது பேங்க் லாக்கர் திறப்பது மாதிரி. உங்கள் சாவி ஒன்று, பேங்க் அதிகாரியின் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். முதல் சாவி, டி செல்லுக்கே உரிய ஏற்பி. எதிரியின் ஒரு துண்டை இன்னொரு செல் ஏந்திக் காட்டும்போது அதை அடையாளம் பிடிப்பது அதன் வேலை. இரண்டாம் சாவி சிடி28 என்ற ஏற்பி. அது எதிரிச் செய்தியைக் கொண்டுவந்த செல்லின் மேல் இருக்கும் பி7 என்ற மூலக்கூறைத் தொட வேண்டும். இரண்டும் பொருந்தினால் டி செல் கிளம்பிவிடும். ஆபத்தில்லாத நேரத்தில் பி7 அதிகம் தென்படாது. அதனால் சும்மா கிடக்கும்போது டி செல் அநாவசியமாகச் சிலிர்த்துக்கொள்ளாது. பாடப்புத்தகம் இதுவரைக்கும் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். ஆனால் விசேஷமே இதற்குப் பிறகுதான். இரண்டு சாவியும் திரும்பிய அந்தக் கணத்திலேயே, அந்த டி செல் தன்னை நிறுத்தப்போகும் ஏற்பிகளையும் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது! கிளம்பு என்ற உத்தரவுக்குள்ளேயே நில் என்ற உத்தரவும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டம் எவ்வளவு வேகமோ, கடிவாளமும் அவ்வளவு சீக்கிரம் வருகிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, பார்ப்பது வேறொன்று. பார்த்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்கு ரத்தம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நாங்களேதான். முறைப்படி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டெக்னீஷியன் அண்ணன் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு, "எந்தக் கைம்மா?" என்றார். இடது கையை நீட்டினேன். பத்து மில்லி. அதில் உப்புக் கரைசலைச் சரிபாதி கலந்து, இன்னொரு குழாயில் ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல், குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக வழியவிட வேண்டும். கை ஆடினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் அரை மணி நேரம் சுழல வேண்டும். மூடியைச் சாத்தப் போனபோது சீனியர் அக்கா பதறி ஓடி வந்தார்.

"பிரேக்கை ஆஃப் பண்ணியா?"

"எதுக்குக்கா?"

"பிரேக் போட்டா திடீர்னு நிக்கும், அடுக்கெல்லாம் கலங்கிடும். அதுவா ஓஞ்சு நிக்கணும்."

நான் தேடிப் போனது செல்லின் பிரேக்கை. அதைப் பார்ப்பதற்கு முதல் படி மெஷினின் பிரேக்கை எடுப்பது! இன்றைக்கும் அந்த பட்டனை அமுக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மெஷின் தானாக ஓய்ந்து நின்றது. குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சிவப்பணுக்கள் கட்டியாக இறங்கியிருந்தன. மேலே தேன் நிறத்தில் பிளாஸ்மா. நடுவில் ஃபைக்காலின் தலைமேல், பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிதந்தது. என் டி செல்கள் அந்த வளையத்துக்குள்தான். எத்தனையோ காய்ச்சலிலிருந்து என்னை மீட்டு வந்த கூட்டத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பிபெட்டால் அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, கழுவி, இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைச் சும்மா விட்டேன். இன்னொரு பங்கில், லாக்கரின் இரண்டு சாவிகளையும் ஒரே சமயத்தில் திருப்பிவிடக்கூடிய ஆன்டிபாடிகள் பூசிய நுண்மணிகளைப் போட்டேன். 37 டிகிரி சூட்டில் இன்குபேட்டருக்குள் வைத்தாயிற்று. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மணி போட்ட கிண்ணத்தில் செல்கள் திராட்சைக் கொத்து கொத்தாகச் சேர்ந்திருந்தன. மூன்றாம் நாள் அந்தக் கிண்ணத்தின் இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகிவிட்டது. செல்கள் மூச்சைப் பிடித்து வேலை செய்து அமிலத்தைக் கொட்டினால்தான் அந்த நிறம் வரும். சும்மா விட்ட கிண்ணம் அப்படியே இளஞ்சிவப்பாக இருந்தது.

பிறகு, பிடி-1 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், லேசர் பட்டால் ஒளிரும் ஆன்டிபாடியைக் கலந்து, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். அந்த மெஷின் செல்களை ஒற்றை வரிசையில் லேசர் முன்னால் நடக்க வைக்கும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு வலப்பக்கம் புள்ளி விழும். சும்மா இருந்த செல்கள் இடப்பக்கமே கிடந்தன. கிளம்பிய செல்கள் வலப்பக்கம் குவிந்தன. ஒரே ரத்தம், ஒரே நாள், ஒரே சூடு. வித்தியாசம் அந்த மணிகள் மட்டும்தான். கிளம்பியதனால் கடிவாளம் வந்தது. முதல் பாராவில் நான் அழுதது இதற்குத்தான்.

பிடி-1 இப்படி வாசலிலேயே வந்து நிற்கும். அதன் அண்ணன் சிடிஎல்ஏ-4 வேறு ரகம். அதற்கான ஆன்டிபாடியை அதே மாதிரி ஐஸில் வைத்துக் கலந்து பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. சோதனை கெட்டுவிட்டதோ என்று கவலைப்பட்டேன். "செல்லுக்கு ஓட்டை போட்டுப் பாரு" என்றார் அக்கா. செல்லின் தோலை மருந்தால் துளைத்து, உள்ளே ஆன்டிபாடியை அனுப்பினால் புள்ளிகள் பளிச்சென்று வலதுபக்கம் பாய்ந்தன! சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் செல்லின் உள்ளே குட்டிக் குட்டிப் பைகளில்தான் வசிக்கிறது. மேலே வரும், வந்த சில நிமிடத்தில் உள்ளே போகும், மறுபடி வரும். கிணற்று ராட்டின வாளி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஏன் இந்த ஓயாத போக்குவரத்து? பதில் தெரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சிடிஎல்ஏ-4-உம் சிடி28-உம் பங்காளிகள். உருவம் ஒன்றுபோல இருக்கும், இரண்டின் மரபணுவும் இரண்டாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து மனை. இரண்டுமே தேடிப் போவது அந்த பி7-ஐத்தான். ஆனால் சிடிஎல்ஏ-4-இன் பிடி பல மடங்கு இறுக்கம். அதனால் அது வந்த இடத்தில் சிடி28-க்குத் தொட எதுவும் மிஞ்சாது. அதோடு விட்டதா? 2011-இல் இங்கிலாந்தில் டேவிட் சான்சமின் குழு ஒரு காட்சியைப் படம்பிடித்துக் காட்டியது. சிடிஎல்ஏ-4 எதிரில் நிற்கும் செல்லின் பி7-ஐப் பிடுங்கி, தன் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய் அழித்துவிடுகிறது! பேங்க் அதிகாரியின் சாவி நுழையும் பூட்டையே பறித்து விழுங்கிவிடுவது. வாளி மேலே வந்து பி7-ஐ அள்ளிக்கொண்டு கீழே போகிறது, கொட்டிவிட்டு மறுபடி வருகிறது. அந்த ஓட்டத்தின் ரகசியம் இதுதான். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு சாதி இருக்கிறது. 2025-இன் மருத்துவ நோபல் பரிசு, அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. அந்தச் செல்களிடம் எந்நேரமும் சிடிஎல்ஏ-4 நிறைந்திருக்கும். அவை ஊரெல்லாம் சுற்றி, பி7-ஐ வழித்தெடுத்துக்கொண்டே போகும். மற்ற டி செல்கள் அமைதியாக இருக்கும்.

இந்தக் கடிவாளத்தின் அருமையை உலகத்துக்குக் காட்டியவை பாவம், சில எலிக்குஞ்சுகள். 1987-இல் பிரான்ஸில் பியர் கோல்ஸ்டீனின் குழு சிடிஎல்ஏ-4 மரபணுவைக் கண்டெடுத்தபோது அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. 1991-இல் சியாட்டிலில் பீட்டர் லின்ஸ்லி, அது பி7-ஐப் பிடிக்கிறது என்று காட்டினார். சிடி28 மாதிரியே இதுவும் டி செல்லைத் தூண்டும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். இல்லை, நிறுத்துகிறது என்று சொன்னவர்கள் ஜெஃப் புளூஸ்டோனும் ஜிம் அலிசனும். வாக்குவாதம் பலமாக நடந்தது. 1995-இல் பாஸ்டனிலும் டொராண்டோவிலும் தனித்தனியே இரண்டு குழுக்கள் சிடிஎல்ஏ-4 இல்லாத எலிகளைப் பிறக்க வைத்தன. மூன்று நான்கு வாரத்தில் அத்தனையும் இறந்தன. டி செல்கள் பெருகிப் பெருகி நிணநீர்க் கணுக்கள் வீங்கி, இதயத்துக்குள்ளும் கணையத்துக்குள்ளும் புகுந்திருந்தன. கிருமி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு ஏற்பி இல்லாமல் போனதற்கே அந்த கதி. நம் ஒவ்வொருவரையும் இன்றைக்குக் காலைவரை உயிரோடு வைத்திருப்பதில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வாளிக்கும் பங்குண்டு.

பிடி-1 இவ்வளவு கடுமையானதல்ல. 1992-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்ஜோவின் ஆய்வகத்தில், யசுமாசா இஷிதா, செத்துக்கொண்டிருக்கும் செல்களில் எந்த மரபணு முனைப்பாகிறது என்று தேடப்போய் இதைக் கண்டுபிடித்தார். அதனால் திட்டமிட்ட மரணம் என்று பொருள்படும் பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் அதன் தொழிலே வேறு. பெயர் மட்டும் மாறவில்லை. பிடி-1 இல்லாத எலிகள் பிறந்து, வளர்ந்து, நல்லபடியாக ஓடியாடி, வயதாக ஆக மெதுவாகத் தன்னெதிர்ப்பு நோயில் விழுந்தன. சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் நிணநீர்க் கணுவில், புறப்படும் இடத்திலேயே டி செல்லைப் பார்த்துக்கொள்கிறது. பிடி-1 களத்தில், உறுப்புகளுக்குள் சண்டை நடக்கும் இடத்தில் பார்த்துக்கொள்கிறது.

அது வேலை செய்யும் விதம் இருக்கிறதே! செல்லுக்குள் செய்தி பரவுவது பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கு மூலம். அதை ஸ்டிக்கர் பொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் உத்தரவு வந்தால் சிடி28-இன் வாலில் பொட்டு ஒட்டப்படும். பொட்டு வைத்த வாலைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த மூலக்கூறுகள் வேலையைத் தொடங்கும். பிடி-1-க்கும் உள்பக்கம் ஒரு வால் தொங்குகிறது. அதில் பொட்டு ஒட்ட இரண்டு இடம். சண்டை சூடுபிடித்தால் அங்கேயும் பொட்டு விழும். அந்த இரண்டு பொட்டுகளைத் தேடிக்கொண்டு ஷிப்-2 என்ற நொதி வந்து உட்காரும். ஷிப்-2-இன் தொழில் பொட்டை உரிப்பது! பக்கத்தில் இருக்கும் சிடி28-இன் பொட்டுகளை உரித்துப் போட்டுவிடும். செய்தி அறுந்துபோகும். சிடி28-தான் முக்கியமான இலக்கு என்று 2017-இல் ரான் வேலின் ஆய்வகம் காட்டியபோது, இரண்டு அண்ணன் தம்பிகளும் கடைசியில் அதே இரண்டாம் சாவியில்தான் கை வைக்கிறார்கள் என்பது புரிந்தது. அந்தக் கட்டுரையை முதல் தடவை படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிடி-1-ஐ யார் அமுக்குவது? பிடி-எல்1 என்ற மூலக்கூறு. டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சிந்தும். அது பட்ட சுற்றுவட்டாரச் செல்கள் உடனே பிடி-எல்1-ஐ உயர்த்திக் காட்டும். போதும், நாங்கள் உங்கள் ஆட்கள் என்று கை தூக்குவதுபோல. அடிப்பவனின் அடியே அடியை அடக்கும் சைகையைக் கிளப்புகிறது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஆனால் புற்றுநோய்ச் செல்லும் நம் உடம்பில் பிறந்ததுதான். அதற்கும் அந்தச் சைகை தெரியும். டி செல்கள் சூழ்ந்து நெருக்கும்போது அதுவும் பிடி-எல்1-ஐத் தூக்கிக் காட்டிவிடுகிறது. டி செல்கள் கட்டியின் வாசலில் வந்து, கைகட்டி நிற்கின்றன.

அந்தக் கையை அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்டவர்தான் ஜிம் அலிசன். டெக்சாஸில் ஆலிஸ் என்ற சின்ன ஊர்க்காரர். சிறுவனாக இருந்தபோதே அம்மாவை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹார்மோனிகா வாசிப்பார். நோய் எதிர்ப்பியல்காரர்கள் சேர்ந்து நடத்தும் 'செக்பாயின்ட்ஸ்' என்ற இசைக்குழுவில் அவரும் உண்டு. 1994 கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், புற்றுக்கட்டி வைத்த எலிகளுக்கு சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தார்கள். கட்டிகள் மறைந்தன. நம்ப முடியாமல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுபடி செய்தார்கள். எந்தக் கூண்டுக்கு எந்த ஊசி என்று தெரியாதபடி வைத்துக்கொண்டு, அலிசன் தானே போய்க் கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கூண்டுகளிலும் கட்டி வளர்ந்தது. மனசு சோர்ந்துபோகிற நேரத்தில், சில கூண்டுகளில் மட்டும் வளர்ச்சி நின்றது. பிறகு சுருங்கியது. யோசித்துப் பாருங்கள், ஊரே விடுமுறையில் இருக்க, ஒரு மனிதர் அளவுகோலோடு அந்தக் கூண்டுகள் முன்னால் நிற்கிறார்! அந்த இடத்தில் நின்றிருக்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மனிதருக்கு வர நாளாயிற்று. புற்றுச் செல்லைத் தொடவே தொடாத, டி செல்லின் கடிவாளத்தை மட்டும் அவிழ்க்கும் மருந்தை நம்பி இறங்க நிறுவனங்கள் தயங்கின. கடைசியில் மெடாரெக்ஸ் முன்வந்தது. இபிலிமுமாப் என்ற அந்த மருந்துக்கு 2011 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, முற்றிய மெலனோமாவுக்கு. மெலனோமா என்பது மச்சம்போலத் தொடங்கும் தோல் புற்றுநோய். நம்மிடையே அபூர்வம், வெள்ளைத் தோல்காரர்களிடம் அதிகம். பரவிவிட்டால் ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று இருந்த நோய் அது. 1,861 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2015-இல் வெளியிட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது. என் மேஜைக்கு எதிரே சுவரில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் கோடு சரிந்துகொண்டே வந்து, மூன்றாம் வருஷத்தில் ஐந்தில் ஒருவர் என்ற உயரத்தில் சமதரையாகிவிடுகிறது. அதன்பின் பத்து வருஷம்வரை படுத்த கோடு. அந்தச் சமதரையில் நடப்பவர்கள் ஒவ்வொருவரும் சாவை எதிர்பார்த்து மருத்துவமனைக்குள் வந்தவர்கள். பிடி-1-ஐத் தடுக்கும் நிவோலுமாப் 2014 ஜூலையில் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்றது. இரண்டு மருந்தையும் சேர்த்துப் போட்டவர்களில், பத்து வருஷம் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2024-இல் ஆய்வு முடிவு வந்தது. நூற்றுக்கு 43! முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 90 வயதில் மூளைவரை மெலனோமா பரவியிருந்தது. கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 மருந்தும் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் ஸ்கேனில் புற்று தெரியவில்லை. நூறாவது பிறந்தநாளையும் பார்த்துவிட்டு 2024 டிசம்பரில்தான் காலமானார். அலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபல் கொடுத்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அன்றைக்கு முடிவு பண்ணியதுதான் இந்தப் படிப்பு.

எல்லாப் புற்றுக்கும் இது பலிக்காது, பலிக்கும் வகைகளிலும் எல்லாருக்கும் பலிக்காது. விலையும் பயங்கரம். அதனால்தான் மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் செய்ததை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. நம் நாட்டில் புகையிலையால் வாய், தொண்டைப் புற்றுநோய் எவ்வளவு என்பது தெரிந்ததுதான். அவர்கள் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம். இந்தத் துளி மருந்தையும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். ஒரு பெரிய நிறுவனத்தின் விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி!

மூக்கணாங்கயிற்றை அவிழ்த்தால் மாடு வயலையும் மிதிக்கும். இந்த மருந்துகளில் குடல் அழற்சி வரும், ஈரல், நுரையீரல், தைராய்டு பாதிக்கப்படும், அரிதாக இதயமும். ஸ்டீராய்டு கொடுத்து அடக்க வேண்டியிருக்கும். இதில் தைராய்டு எனக்கு வீட்டு விஷயம். அம்மா இருபது வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போடுகிறார். அவருடைய டி செல்கள் அவர் கழுத்துச் சுரப்பியையே எதிரி என்று எடுத்துக்கொண்டுவிட்டன. அந்த வகைத் தைராய்டு நோய் வருபவர்களிடம் சிடிஎல்ஏ-4 மரபணுவில் நுட்பமான ஒரு வேறுபாடு அதிகம் காணப்படுகிறது என்று 2003-இலேயே காட்டிவிட்டார்கள். போன பொங்கலுக்கு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாளிக் கதையைச் சொன்னேன். அம்மா வெல்லம் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப எனக்குக் கயிறு கொஞ்சம் லூசுன்னு சொல்லு" என்றார். எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

லூசான கயிற்றை இறுக்கவும் மருந்து இருக்கிறது, கேளுங்கள்! சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பாதியை மட்டும் வெட்டி, ஒரு ஆன்டிபாடியின் வாலோடு ஒட்டினால் அபாடாசெப்ட். அது ரத்தத்தில் சுற்றி, பி7-ஐப் போய் மூடிக்கொள்ளும். சிடி28-க்குத் தொட எதுவும் கிடைக்காது. மூட்டுவாதத்துக்கு 2005-இல் அனுமதி கிடைத்தது. அதில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றியது பெலாடாசெப்ட். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பது. இதற்கு அனுமதி கிடைத்தது 2011 ஜூனில். இபிலிமுமாபுக்குக் கிடைத்த அதே வருஷம், மூன்றே மாத இடைவெளி! ஒரே ஏற்பி. அதைத் தடுத்தால் புற்றுநோய்க்கு மருந்து, அதையே ஊற்றினால் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காவல். சில குழந்தைகள் சிடிஎல்ஏ-4 மரபணுவின் ஒரு பிரதி பழுதாகிப் பிறக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் குடல், நுரையீரல், ரத்தம் எல்லாம் தன்னெதிர்ப்பில் தவிக்கும். அவர்களுக்கும் அபாடாசெப்ட் கொடுக்கிறார்கள். உடம்பு செய்யத் தவறிய மூலக்கூறை ஊசியில் வாங்கித் தருவது. இதைவிட நேரான வைத்தியம் ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

இன்னொரு கேள்வியை ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்தும் ரஃபி அகமது கையிலெடுத்தார். சண்டை ஓயவே ஓயாவிட்டால் டி செல் என்ன ஆகும்? நாட்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில் டி செல்கள் சாகவில்லை. களைத்து, பிடி-1-ஐ உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, பேருக்கு நின்றுகொண்டிருந்தன. 2006-இல் அவர் குழு பிடி-எல்1-ஐத் தடுத்துப் பார்த்தது. களைத்தவை எழுந்து மறுபடி வைரஸைக் குறைத்தன. அந்தக் களைப்பைக்கூட நான் கோளாறு என்று சொல்லமாட்டேன். ஜெயிக்க முடியாத சண்டையை முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே போனால் உறுப்புதான் அழியும். பாதி வேகத்தில் நின்று காத்திருப்பது செல்லின் சமயோசிதம்.

பிடி-1-உம் சிடிஎல்ஏ-4-உம் மட்டும்தானா என்றால், இல்லை. டிம்-3, டிஜிட், பிடிஎல்ஏ, விஸ்டா என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. டிஜிட்டைத் தடுக்கும் மருந்துகள் பெரிய சோதனைகளில் ஏமாற்றிவிட்டன. எனக்கு மிகவும் வருத்தம்தான். லேக்-3 மட்டும் ஏமாற்றவில்லை. அதைத் தடுக்கும் ரெலாட்லிமாபுக்கு, நிவோலுமாபோடு சேர்த்து 2022-இல் அனுமதி கிடைத்தது. அந்த லேக்-3-க்கான ஒளிரும் ஆன்டிபாடிக்கு எங்கள் ஆய்வகம் நான்கு மாதமாகக் காத்திருந்தது. நேற்று மத்தியானம் தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் பாக்குகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பி வந்து இறங்கியது. வெளிச்சம் படக்கூடாது என்று அலுமினியத் தாளில் சுற்றி, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. நாளைக் காலை ஒன்பது மணிக்கு டெக்னீஷியன் அண்ணன் வருவார். இந்தத் தடவை வலது கை.